கழித்த ஜன்னல்கள்

அந்தச் சின்ன மாதிரி ரயில் பெட்டிகள் உருவானது விஜயநகரில், நிர்மலாவின் வீட்டு மாடி அறையில். வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டில் கத்தியால் கோடு கீறி, மடக்கி ஒடித்து, ஜன்னல்களைக் குடைந்தெடுப்பது அவள் வேலை. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் கரைப்பான் விட்டு ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும் ஸ்ரீவத்ஸன் வேலை. அவள் பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுப்பவள். சொந்த ஊர் கௌதள்ளி. அவர் வங்கி அதிகாரி. பழைய மீட்டர் கேஜ் பெட்டிகளை ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்கு, அடியில் இருவர் பெயரும் எழுதி, சேர்ந்தே செய்து கொடுத்தார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் வேலையை மற்றவர் கழித்தால் அது கழிவுதான். மறுபேச்சு கிடையாது, திரும்ப அளப்பதும் கிடையாது.

தசராவுக்குப் பிறகு அவளுடைய வெட்டு அடிக்கடி கழிந்தது. "நிர்மலா, ஜன்னல் அரை மில்லி எறங்கியிருக்கு. போறது விடுங்கோ, நான் எதுக்காவது வச்சுக்கறேன்" என்று ஸ்ரீவத்ஸன் துண்டுகளைத் தன் பையில் போட்டுக்கொள்வார். நிர்மலா கண் டாக்டரிடம் போனாள். ஒன்றுமில்லை என்றார். வேறொருவரிடம் போனாள், அவரும் அதையே சொன்னார். கண் இல்லையென்றால் கைதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். யுகாதிக்குப் பிறகு லேசர் மெஷினில் வெட்டக் கொடுத்துவிடலாம், நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று அவளே சொன்னாள். ஸ்ரீவத்ஸன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு நாராயணஸ்வாமி அட்டைப்பெட்டியோடு மாடியேறி வந்தார்.

"ஸ்ரீவத்ஸன் போனே எடுக்க மாட்டேங்கறார். அவாத்துல கேட்டேன், இங்க வருவார்னா. இங்க நோடிம்மா, பாரு, எப்படி ஆயிடுத்து!"

உள்ளே, நிர்மலா பார்த்தேயிராத ஒரு ரயில் பெட்டி. ஒரு பக்கச் சுவர் பல் போன கன்னம்போல் உள்ளே போயிருந்தது. தரைக்கடியில் நாலுபுறமும் மூடி ஒட்டியவர் காற்றுத்துளை விடவில்லை. கரைப்பானின் ஆவி உள்ளேயே நின்று சுவரை இளக்கிவிட்டது. அவசர வேலை.

ஆனால் ஜன்னல்களை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மூலைக்கு மூலை முதலில் பொடித்துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை வெட்டுவது அவள் பழக்கம். மூலைகளில் அந்த மெல்லிய வளைவு இருந்தது.

"இது எப்ப வாங்கினீங்க சார்?"

"தீபாவளி சமயம். எங்க கோஷ்டில இன்னும் மூணு நாலு பேர்கிட்ட இருக்கே! ஒண்டியாளா எப்படித்தான் பண்றாரோ, மகானுபாவன்."

நிர்மலா பெட்டியைத் திருப்பினாள். அடியில் ஸ்ரீவத்ஸன் பெயர் மட்டும். சேதமில்லாத பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஜன்னல் ஜன்னலாக அளந்தாள்.

"ஐயோ, ஜன்னலும் தப்பா?"

"இல்லைங்க சார். சரியா இருக்குது" என்றாள்.

அப்போதுதான் ஸ்ரீவத்ஸன் படியேறி வந்தார். நாராயணஸ்வாமியையும் மேஜைமேல் இருந்த பெட்டியையும் பார்த்து வாசலிலேயே நின்றார். "மாமா, நானே உங்காத்துக்கு வரணும்னு..."

"தனியா வித்தத உடுங்க" என்றாள் நிர்மலா. "கேட்டிருந்தா சரின்னிருப்பேன். வெட்டு தப்புன்னு ஏன் சொன்னீங்க?"

"கேட்டா ரெண்டு பேர் பேரும் போடணும். ஒரு தடவையாவது என் பேர் மட்டும் இருக்கட்டுமேன்னு... ஒண்ணோட நிறுத்தலாம்னுதான் இருந்தேன், நிர்மலா."

"ரெண்டு டாக்டர் என் கண்ணு நல்லா இருக்குதுன்னாங்க. அவங்கள நம்பல. உங்கள நம்புனேன்."

நாராயணஸ்வாமி ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் காரை ரிவர்ஸ் எடுக்கும் ஒருவரைத் தீவிரமாகக் கவனித்தார்.

நிர்மலா ஸ்ரீவத்ஸனின் தூரிகைகளையும் கரைப்பான் புட்டியையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

"உக்காருங்க சார். புதுசா ஒரு பக்கம் வெட்டித் தர்றேன். ஒட்டுறதுக்கு வேற ஆளத்தான் தேடணும். எனக்கு அது வராது."

"மெல்லப் பண்ணும்மா."

புது ஷீட்டை விரித்துக் கோடு கீறினாள். துளை போட்டாள், வெட்டினாள். முடித்ததும் அளந்தாள். சரியாக இருந்தது. நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தாள். பிறகு ஸ்கேலை நாராயணஸ்வாமியிடம் நீட்டி, "நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க சார்" என்றாள்.