மண்ணுக்குள் போன ஒட்டு

மூன்று வருடமாக எங்கள் குன்னத்தூர் தோட்டத்தில் கத்திரிச் செடிகள் செத்துக்கொண்டிருந்தன. காலையில் விறைப்பாக நிற்கும், மத்தியானம் தலையைத் தொங்கப் போடும், நாலாம் நாள் விறகு. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிற வாடல் நோய் என்றார்கள். என் வீட்டுக்காரர் தங்கராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. மருந்துக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். எது கெட்டாலும் அடுத்தவன்மேல் போட்டே பழக்கம்.

"இந்த வருசமும் செத்தா அங்க குடோன் கட்டிரலாமுங்க" என்றேன்.

அது அவர் அப்பா விட்டுப்போன நிலம். சரி என்று தலையாட்டினார், ஆனால் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே ஒட்டுக்கத்திரி நாற்று வாங்கி வந்துவிட்டார்.

ஒட்டு என்றால் மேலே கத்திரி, கீழே சுண்டை. சுண்டைக்காய் கத்திரிக்குப் பங்காளி முறை. அதன் வேரில் இந்த வாடல் எளிதில் ஏறாது, அதன் பிறவி அப்படி. அதனால் சுண்டைத் தண்டை வெட்டி, அதில் கத்திரி நுனியைச் செருகி வளர்க்கிறார்கள். மாமனார் பலத்தில் கம்பெனி நடத்துகிற நாலு பேரை எனக்குத் தெரியும் என்பதால் உடனே புரிந்துவிட்டது.

ஆர்டர் குறைந்த மாதம். செக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஒன்பது பேரை வேனில் கூட்டிப்போய் நடச் சொன்னார். அவர்களில் மூத்தவள் மருதம்மாள் ஒரு நாற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க முதலாளி, ஜாயின்ட் இப்படிப் பல்லைக் காட்டீட்டு நிக்குதுங்களே?"

இவர் குனிந்து பார்த்தார். ஒட்டுப்போட்ட இடம் தழும்பாகப் புடைத்திருந்தது. தையல் பிசிறு வெளியே தெரிந்த பீஸையெல்லாம் இருபது வருடமாக ரிஜெக்ட் செய்த கண்.

"மண்ணுக்குள்ள தள்ளீருங்க. வெளிய தெரியக் கூடாது" என்றார்.

ஆயிரத்து இருநூறு நாற்றின் ஒட்டும் மண்ணுக்குள் போயிற்று. சாயங்காலம் வரிசை வரிசையாக நடந்து இன்ஸ்பெக்‌ஷன் செய்தார். ஒன்றும் வெளியே தெரியவில்லை. எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

நாற்பதாம் நாள் மத்தியானம் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன.

நர்சரிக்கார ஜெபக்குமாரை போனில் ஃபிராடு என்று திட்டினார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பொறுமையாக வந்து ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தார்.

"ஒட்டை எதுக்குண்ணே புதைச்சீங்க? கத்திரித் தண்டு மண்ணுல பட்டா அதுவே வேர் விட்டுரும். அந்த வேர் வழியா நோய் ஏறிட்டு. நாலு தலைமுறையா தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு இதைப் போய்ச் சொல்லணுமான்னு நான்தான் விட்டுட்டேன். சுண்டை சாகாது. துளிர்த்து வந்ததும் அதுலயே திரும்ப ஒட்டலாம்."

இவர் அந்தச் செடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம் குடோன் கான்ட்ராக்டர் சண்முகவேல் டேப்போடு வந்தார். வரச் சொன்னது நான்தான். கத்திரி முழுக்கக் காய்ந்திருந்தது. ஒவ்வொரு தூரிலும் சுண்டைத் துளிர் பச்சையாக மேலே வந்திருந்தது. மருதம்மாளும் மற்றவர்களும் காய்ந்த கத்திரித் தண்டுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சுங்க?" என்று கேட்டார் சண்முகவேல்.

"நாங்கதானுங்க தப்பா நட்டுப்போட்டோம்" என்றாள் மருதம்மாள்.

"இல்லீங்க. மூடச் சொன்னது நானு. செடியைத் துணின்னு நெனச்சுட்டேன்" என்றார் இவர்.

கல்யாணமாகி பதினாலு வருடத்தில் இந்த மனிதர் தன் தப்பைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

"பேச்சுன்னா பேச்சுதான் நித்யா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சண்முகவேல் கையிலிருந்த டேப்பின் முனையை வாங்கிக்கொண்டு வரப்பை நோக்கி நடந்தார். துளிர் ஒன்றையும் மிதிக்காமல் காலை எட்டி எட்டி வைத்தார்.

"அண்ணா, அடுத்த வருசம் வாங்க" என்றேன் சண்முகவேலிடம்.

இவர் காதில் விழவில்லை. டேப்பை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். நானும் மருதம்மாளும் சேர்ந்து கத்த வேண்டியிருந்தது.