டேங்க் நிழல் தக்காளி

அந்தக் குடியிருப்பின் பின்பக்கத்தில் பதினோரு பாத்திகள். பத்துப் பாத்திகளுக்கு வெயில் விருந்தாளி மாதிரி வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மூலைப் பாத்தியில் மட்டும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கால் நீட்டிப் படுத்திருக்கும். அந்த மூலையை ஆறு வருஷமாகப் பிடித்து வைத்திருந்தவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்.

ஏன் அவருக்கே என்று யாரும் கேட்டுவிட முடியாது. அதற்கு விதி இருந்தது. விதியை எழுதியவரும் அவர்தான். கோடை முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீடும் தன் பாத்தியில் விளைந்ததைப் போட்டு ஓவனில் ஏதாவது சுட்டுக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் தின்று பார்த்துச் சீட்டு எழுதிப் போடுவார்கள். ஜெயித்தவருக்கு அடுத்த வருஷம் கேட்ட பாத்தி. மூலையில் வெயில் அடிக்கும், வெயிலில் பூசணி கொழுக்கும், கொழுத்த பூசணியில் அவர் மனைவி செயலாளரம்மா கேக் சுடுவாள், கேக் ஜெயிக்கும், ஜெயித்த கையோடு மூலை திரும்ப அவர்களிடமே வரும். இதைவிட நியாயமாக ஒரு போட்டி நடத்த யாரால் முடியும்?

கிளினிக்கக்காவின் பாத்தி தண்ணீர் டேங்குக்குக் கீழே. பல் டாக்டரிடம் டோக்கன் எழுதுகிற வேலை அவளுக்கு. அதனால் அந்தப் பெயர். டேங்க் நிழலில் இரண்டு வருஷம் வெறும் இலையைத்தான் அறுத்தாள், போட்டிப் பக்கமே போகவில்லை. இந்த வருஷம் தக்காளி வைத்தாள். செடி ஆள் உயரம் வளர்ந்தது, கொத்துக் கொத்தாகக் காய்த்தது, ஒன்றுகூடப் பழுக்கவில்லை. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நோட்டீஸ் பலகையில் புது விதி ஒட்டியிருந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து போட்டியில் கலந்துகொள்ளாத பாத்தி சைக்கிள் ஸ்டாண்டாக மாற்றப்படும். பெயர் எதுவும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று சாயங்காலமே செயலாளரம்மா அரைப் பூசணியோடு வாசலில் நின்றாள்.

“உனக்குத்தான் ஒண்ணும் வரலையேம்மா. இந்தா, வீட்டுக்கு வச்சுக்கோ. போட்டிக்குப் போட்டுறாதே, என் பூசணின்னு ஒரு வாய்ல கண்டுபிடிச்சுருவேன். வெண்ணெய் எந்தக் கடைல வாங்கினதுன்னே சொல்ற நாக்கு இது.”

“தெரியும்க்கா. ஊருக்கே தெரியும்” என்று வாங்கி வைத்தாள் கிளினிக்கக்கா.

அச்சகத்திலிருந்து வந்த அவள் வீட்டுக்காரர் பூசணியைப் பார்த்தார், நோட்டீஸ் விஷயத்தைக் கேட்டார், சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “பேசாம ஒரு சைக்கிள் வாங்கிருவோமா? ஸ்டாண்டு நம்ம பாத்திலதானே வரப்போகுது.”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா.”

கோபத்தில் போய் எல்லாத் தக்காளியையும் பச்சையாகவே பறித்துவிட்டாள். கூடை நிறைய வந்தது. மெல்லிசாக வில்லை போட்டு, நாட்டுச் சர்க்கரையைத் தூவி, மேலே மாவை ஊற்றி ஓவனில் வைத்தாள். வெந்ததும் தட்டில் கவிழ்த்து முதல் துண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். அவருக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“புளிக்குதா?”

“இல்ல, தூசி விழுந்துருச்சு.”

இரண்டாவது தடவை வில்லைகளில் உப்பைப் பிசறி, அரை மணி நேரம் வைத்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்தாள். பட்டைத் தூளும் எலுமிச்சைத் தோலும் சேர்த்தாள். தட்டில் கவிழ்த்தபோது பொன் நிறத்தில் பளபளத்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் மூன்று துண்டு தின்றார். அந்த மனுஷன் பேசாமல் தின்றால் அதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்குக் கீழே மேஜைகளைச் சேர்த்துப் போட்டார்கள். நடுவில் செயலாளரம்மாவின் பூசணிக் கேக், கல்யாணப்பெண் மாதிரி. ஆனால் கூட்டம் ஓரத்தில் இருந்த கிளினிக்கக்காவின் தட்டைத்தான் சுற்றியது. தின்றவர்களே திரும்பவும் வந்தார்கள். மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் நான்காவது துண்டைச் சட்டைப் பைக்குக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

“பிரமாதம். ஆனா ஒரு சின்ன விஷயம். நம்ம தோட்டத்துல ஆப்பிள் மரம் ஏதும்மா? இது கடைச் சரக்கு. ஏழாவது விதிப்படி இது போட்டியில இல்லை.”

“ஆப்பிள் இல்லைங்க சார். என் பாத்தித் தக்காளி.”

“தக்காளி செவப்பா இருக்கும்மா.”

“இது பச்சைத் தக்காளி. செடியைப் போய்ப் பாருங்க, ஒரு காய் மிச்சமில்லை.”

“காய்ச்சிருந்தாத்தானே மிச்சம் இருக்கும்.”

நாலு பேர் சிரித்தார்கள். செருப்பில் சேறு ஒட்டும் என்று டேங்க் பக்கமே போகாத மனிதர் அவர். எதைச் சொல்லி நம்பவைப்பது? பாத்தி அவள் கண் முன்னாலேயே சைக்கிள் ஸ்டாண்டாகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் செயலாளரம்மாவைப் பார்த்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, முழுங்காமலும் துப்பாமலும், நெற்றியைச் சுருக்கி மென்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க நாக்குக்குத் தெரியாததா? ஆப்பிள்தானா?”

எல்லோரும் திரும்பினார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூலை ஏழாவது வருஷமும் அவர்களுக்குத்தான். செயலாளர் கண்ணால் ஜாடை காட்டினார், புருவத்தால் காட்டினார், கடைசியில் கைக்குட்டையாலும் காட்டினார்.

“அம்மாவுக்கே பிடிபடல போலிருக்கு” என்றார் எலக்ட்ரீஷியன்.

அவ்வளவுதான். செயலாளரம்மா முழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“யாருக்குப் பிடிபடல? ஆப்பிளாம் ஆப்பிள், எந்த மடையன் சொன்னான்? பச்சைத் தக்காளி. உப்புப் போட்டுத் தண்ணியைப் பிழிஞ்சிருக்கா. பட்டை, எலுமிச்சைத் தோல். வெண்ணெய் பஸ் ஸ்டாப் கடைல வாங்கினது. சரியா?”

“அப்படியே சரிக்கா.”

மடையன் காகிதத் தட்டோடு பக்கத்திலேயே நின்றார்.

சீட்டுகளை எண்ணியபோது பூசணிக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு, மீதி அத்தனையும் தக்காளிக்கு. “எனக்கு மூலைப் பாத்தி” என்றாள் கிளினிக்கக்கா. செயலாளர் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

எழுதி முடித்துவிட்டுச் செயலாளர் மனைவியின் காதருகே பல்லைக் கடித்தார். “மூலை போச்சு. திருப்தியா?”

“மூலை கெடக்கட்டும்” என்றாள் அவள், காதருகே எல்லாம் இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி. “ஆப்பிளுக்கும் தக்காளிக்கும் வித்தியாசம் தெரியாத வாயி, இத்தனை வருஷமா என் சமையலைத் தின்னுட்டு ஆகா ஓகோன்னுச்சே. அதெல்லாம் என்னன்னு நெனச்சுத் தின்னீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

செயலாளர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே கிளினிக்கக்கா கடைசித் துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

“சாப்பிடுங்க சார். ஆப்பிள்னே நெனச்சுக்கோங்க.”

அவர் சாப்பிட்டார். சாப்பிடுகிறவரை பேச வேண்டியதில்லை அல்லவா.