பெரியண்ணசாமியின் ஓட்டு

"பெரியண்ணனுக்கு என்ன வயசு இருக்கும்?"

ஓட்டுப் பட்டியல் எழுத மலையேறி வந்த குமாஸ்தா சென்னம்மாளிடம் கேட்டது இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்து ஆடி மாதம். குண்டனி நாடு என்கிற அந்த மலையூர் ஆட்கள் எல்லாம் சாமைக் காட்டில் களையெடுக்கப் போயிருந்தார்கள். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் சென்னம்மாள்தான் என்று யாரோ சொல்லிவிட, குமாஸ்தா அவள் வீட்டு வாசலில் பலாமரத்தடியில் உட்கார்ந்து, நிலவரி கட்டுகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து வயசு கேட்டார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பாதிக் குரலில் பதில் சொன்னாள்.

இருபத்தொன்பது பெயர்வரை சிக்கல் இல்லை. முப்பதாவது பெயர் பெரியண்ணன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றோரத்து முதல் வயல் ஊர்ச் சாமியான பெரியண்ணசாமிக்கு. பேச்சுக்குச் சாமிக்கு என்பதில்லை. பட்டாவே அவர் பேரில்தான். வருஷா வருஷம் ஊரார் அந்த வயலுக்கு வரி கட்டுவார்கள், பெரியண்ணன் என்று ரசீது வரும், அதைக் கொண்டுபோய் சாமிக்கல்லின் அடியில் செருகிவைப்பார்கள். சாமிக்கல் இடுப்பளவு உயரம். நாமக்கல்லிலிருந்து வந்த குமாஸ்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"அது ஆள் இல்லீங்க, சாமிங்க" என்று சென்னம்மாள் சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அவளுக்கு அது பழைய வியாதி. அடிவாரத்து அத்தை வீட்டில் தங்கி நான்காம் வகுப்புவரை படித்தாள். வாத்தியார் பேர் கூப்பிடும்போது எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். அவளுக்கு வாய் வராது. முதல் பெஞ்சில் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு வாத்தியார் தினமும் வரவில்லை என்று போட்டார். வருஷக் கடைசியில், பள்ளிக்கூடத்துக்கே வராத பிள்ளை என்று பேரை அடித்துவிட்டார்கள். ஒரு நாளும் தவறாமல் போனவள் அவள் ஒருத்திதான்.

"சொல்லும்மா. என்ன வயசு?"

"ரொம்ப வயசுங்க."

எழுபது என்று எழுதிக்கொண்டார் குமாஸ்தா. "தகப்பன் பேரு?"

"தெரியாதுங்க."

"பாவம்" என்று ஒரு கோடு இழுத்தார். பிறகு பலாச்சுளை தின்றுவிட்டு மலை இறங்கிப் போனார்.

மாசி மாதம் அச்சடித்த பட்டியல் வந்தது. ஊரார் கூடி உட்கார, சென்னம்மாள் குனிந்த தலையோடு வாசித்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று ஓட்டு. முப்பதாம் எண், பெரியண்ணன், வயது எழுபது, விவசாயம்.

கூட்டத்தில் மூத்தவளான அத்தாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்குது பாரு. வயசத்தான் கொறச்சுப் போட்டுட்டான்."

அன்றே முடிவாயிற்று. அப்போதெல்லாம் கட்சிக்கு ஒரு நிறத்தில் பெட்டி. சாமி எந்தப் பெட்டியில் போடுகிறதோ, மற்ற நாற்பத்திரண்டும் அதே பெட்டியில். சாமிக்கல்லைப் பெயர்த்து அடிவாரத்துக்குத் தூக்க முடியாது. ஆகவே சாமி கருப்பண்ணன் மேல் இறங்கி, அவர் காலால் நடந்துபோய் ஓட்டுப் போடும்.

கருப்பண்ணன் சென்னம்மாளின் அப்பா. ஊருக்குச் சாமியாடி. சாமியின் வயலை உழுகிறவரும் அவர்தான். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அதனால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஊரில் அவரோடு பேச ஒரு முறை உண்டு. துண்டு தோளில் கிடந்தால் அவர் கருப்பண்ணன், ஏண்டா என்றுகூடக் கூப்பிடலாம். துண்டை இடுப்பில் கட்டிவிட்டால் சாமி. எதிரே யாரும் உட்காரக் கூடாது.

பட்டியலில் சாமி இருக்கும் சேதி அடிவாரத்துக்கு எட்டியது. மறுநாளே மஞ்சள் பெட்டிக்காக ஓட்டுக் கேட்கிற மாதேஸ்வரன் மூச்சிரைக்க மலையேறி வந்தார். ஊராரைப் பார்க்கவில்லை, நேராகச் சாமிக்கல் முன் போய் நின்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். அன்னிய ஆட்சி, கள்ளுக்கடை, உப்பு, எல்லாவற்றையும் கல்லுக்கு எடுத்துச் சொன்னார். கடைசியில் இரண்டு படி மஞ்சளை அரைத்துக் கல் முழுக்கப் பூசிவிட்டு, "மஞ்சள் இல்லாம சாமி ஏதுங்க?" என்று கேட்டார்.

அடுத்த நாள் பச்சைப் பெட்டிக்காரர் சின்னராசு வந்தார். அவரும் கல்லைப் பார்த்துத்தான் பேசினார். "மஞ்சக் கிழங்கு மண்ணுக்குள்ள கெடக்குது சாமி. மேல எல பச்சையாத்தான இருக்குது? எல இல்லாம கிழங்கு வந்துருமா?" என்று பச்சைப் பட்டுத் துணியை எடுத்துச் சாத்தினார்.

மூன்றாம் நாள் பார்த்தால் பெரியண்ணசாமி கிளி மாதிரி இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் சர்க்கார் சேவகன் வந்து பலாமரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். சென்னம்மாள் ஊராருக்கு அதை வாசித்தாள். தேதி, இடம், நேரம். கடைசி வரியை மட்டும் மனசுக்குள் வாசித்துக்கொண்டு நிறுத்திவிட்டாள். வேறொருவர் பெயரில் ஓட்டுப் போடுகிறவருக்குச் சிறைத் தண்டனை உண்டு.

"அவ்வளவுதானா கண்ணு?" என்றாள் அத்தாயி.

ஆமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம், ராகிக் களியை உருட்டி அப்பாவுக்கு வைத்துவிட்டு, துண்டு தோளில்தான் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, நீங்க போய்ப் போட்டா ஜெயில்ல போடுவாங்களாம்."

"நான் எங்க போடறேன்? சாமியில்ல போடுது."

"அந்த வயச நான்தாம்ப்பா சொன்னேன். வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். சாமின்னு சொல்ல வாய் வரல."

கருப்பண்ணன் களியை விழுங்கிவிட்டு மகளை மரியாதையோடு பார்த்தார். "பேசாத புள்ள நீ. உன் வாயிலயே அது வந்துருக்குதுன்னா, சாமிதான் நாக்குல உக்காந்து சொல்லியிருக்கணும்."

அதற்குமேல் அவளால் என்ன செய்ய முடியும்? அவளுடைய தப்பு இப்போது அருள்வாக்காகிவிட்டது. அப்பா ஜெயிலுக்குப் போனால் அது தன் வாயால்தான் என்கிற நினைப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

ஓட்டு நாளன்று விடிந்ததும் ஊரே இறங்கியது. முன்னால் பறை, நடுவில் இடுப்பில் துண்டு கட்டிய கருப்பண்ணன், பின்னால் நாற்பத்திரண்டு பேர். அடிவாரத்தில் எழுதியிருப்பதை வாசிக்க ஆள் வேண்டுமென்று சென்னம்மாளையும் கூட்டிப்போனார்கள். ஓட்டுப் போடுகிற இடம் அவள் படித்த அதே பள்ளிக்கூடம், அதே அறை. வாத்தியார் மேஜையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மறைப்புக்குப் பின்னால் மஞ்சள் பெட்டியும் பச்சைப் பெட்டியும். சுவரோரம் மாதேஸ்வரனும் சின்னராசும். சாமி போட்ட பிறகுதான் வருவோம் என்று மற்றவர்கள் வெளியே நின்றுகொண்டார்கள்.

"முப்பது. பெரியண்ணன்" என்று அதிகாரி கூப்பிட்டார்.

சலங்கை குலுங்கக் கருப்பண்ணன் உள்ளே வந்தார். ஜன்னல்களை நாற்பத்திரண்டு தலைகள் அடைத்துக்கொண்டன.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "எழுபது வயசுன்னு போட்டிருக்கு. உனக்கு நாப்பத்தஞ்சுகூட இருக்காதே."

"மலைக்கு முந்தினவன் நான்" என்றார் கருப்பண்ணன், சாமியின் குரலில்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இவர்தான் பெரியண்ணனா? ஏஜெண்டுங்க சொல்லுங்க. ஆட்சேபணை உண்டா?"

மாதேஸ்வரன் ஜன்னலைப் பார்த்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னால் நாற்பத்திரண்டு ஓட்டும் போச்சு. "எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க."

"எங்களுக்குச் சுத்தமா இல்லீங்க" என்றார் சின்னராசு.

"அடுத்தவன் பேருல ஓட்டுப் போட்டா நேரா ஜெயில், தெரியுமில்ல? யோவ் கான்ஸ்டபிள், இப்படி வா."

போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாமி முன்னால் குனிந்தார். "ராசிபுரத்துக்கு மாத்தல் கேட்டிருக்கறேன் சாமி. இந்த வருசமாவது கெடைக்குங்களா?" கருப்பண்ணன் அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.

அதிகாரி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். ஓட்டும் இல்லாத, ஓட்டுக் கேட்கவும் செய்யாத ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இவர் யாரென்று சொன்னால் போதும் என்றார். தேடிப் பார்த்ததில் அப்படிப்பட்டவள் அந்த இடத்தில் சென்னம்மாள் ஒருத்திதான். பதினேழு வயசு, ஓட்டு இல்லை. கூட்டம் அவளை உள்ளே தள்ளிவிட்டது.

"நீ சொல்லு பாப்பா. இது யாரு?"

மேஜைக்கு முன்னால் முதல் பெஞ்ச். அது அவள் உட்கார்ந்த இடம். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அதிகாரி ஏதோ எழுதப் பேனாவை எடுத்தார். எடுத்ததைப் பார்த்ததும், வாத்தியார் அப்படித்தான் எடுப்பார், எடுத்து வரவில்லை என்று போடுவார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எங்கப்பனுங்க" என்றாள். அறை முழுக்கக் கேட்டது. "பேரு கருப்பண்ணனுங்க. சாமி மலை மேல இருக்குதுங்க, அது கல்லுங்க. குமாஸ்தாகிட்ட வயச நான்தானுங்க தப்பாச் சொன்னது. இவர ஒண்ணும் பண்ணிராதீங்க."

"சின்னப் புள்ளைங்க, பயத்துல ஒளறுது" என்றார் மாதேஸ்வரன்.

"ஆமாங்க, நான் பாத்துட்டே இருக்கறேன், அதுக்கு மொதல்ல இருந்தே ஒடம்பு சரியில்லீங்க" என்றார் சின்னராசு. இரண்டு பெட்டிகளும் ஒத்துப்போனது அன்று இது இரண்டாவது தடவை.

அதிகாரி அவர்களைக் கவனிக்கவில்லை. "பெரியவரே, இன்னும் ஒரு ஓட்டும் போடல. அதனால குத்தமும் இல்ல. இப்பச் சொல்லுங்க. நீங்க யாரு?"

பெரியண்ணன் என்றால் ஜெயில். கருப்பண்ணன் என்றால் அந்த அறையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. மலை மேலும் இனி இருக்குமோ என்னவோ. அவர் மகளைப் பார்த்தார். அவள் இந்த முறை தலையைக் குனியவில்லை.

கருப்பண்ணன் மெல்ல இடுப்புத் துண்டை அவிழ்த்தார். அதைத் தோளில் போடுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தோளுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. பிறகு துண்டைக் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சலங்கைச் சத்தம் கேட்காதபடி பாதம் பாதமாக வைத்து வெளியே நடந்தார். சாமி எந்தப் பெட்டியிலும் போடவில்லையே, இப்போது நாம் எதில் போடுவது என்று அத்தாயி எதிரே வந்து கேட்டாள். ஏண்டா என்பதா, சாமி என்பதா என்று தெரியாமல் வெறும் கேள்வியாகவே கேட்டாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு, மலைப்பாதையில் ஏறிப் போனார்.