கொள்ளைநோய் மருத்துவரின் முகம்

ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்த மருத்துவருக்கு, புத்தகம் வெளிவந்த இரண்டாம் ஆண்டில் தாடி முளைத்தது. அச்சடித்த நாற்பதாயிரம் பிரதிகளிலும் ஒரே வாரத்தில் முளைத்தது. கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காப்பாற்றிய அந்த மனிதர் இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய உருவப்படம் எதுவும் மிஞ்சவில்லை. அதனால் பதிப்பகத்தின் சித்திரக்காரி அந்தக் காலத்து அங்கியையும் தொப்பியையும் ஆராய்ந்து வரைந்துவிட்டு, முகத்துக்கு மட்டும் தன் அண்ணனின் முகத்தை வைத்துவிட்டாள்.

அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவின் கடைசி நாட்களில் அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை என்ற கோபத்தில், "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொன்னவள் அவள்தான். சேதியே அவனுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் அவன் போய்விட்டான், கடிதமும் இல்லை.

பதிப்பக மேலாளர் அவளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். மறுபதிப்புக்குத் தாடியில்லாமல் புதிதாக வரைந்து கொடுத்தாள். மை காய்வதற்குள் தாடி வந்துவிட்டது. மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாடியும் எடுப்பாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அச்சுக்கு அனுப்பினார்.

அம்மாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்து மகளின் கட்டிலுக்கு எதிரே ஒட்டினாள். இனி தினமும் இதில்தான் முழிக்க வேண்டும் என்றாள். அதன்பிறகு அண்ணனைப் பற்றிய சேதி அவர்களுக்கு அந்தப் படத்தின் வழியாகவே வந்துகொண்டிருந்தது. நெற்றியில் தையல் போட்ட தழும்பு, காதோரம் நரை, ஒரு குளிர்காலம் முழுக்க ஒட்டிப்போன கன்னம். "சாப்பிடுறானா இல்லையான்னே தெரியலையே" என்று அம்மா பாதித் தட்டில் எழுந்துவிடுவாள்.

ஐந்தாம் பதிப்பில் சித்திரக்காரி மருத்துவரின் கையில் ஒரு தாளை வரைந்து, பூதக்கண்ணாடிக்கு மட்டுமே எட்டும் எழுத்தில், தப்பு என்னோடது, வீட்டுக்கு வா என்று எழுதினாள். மூன்று வாரம் மருத்துவரின் பார்வை தாளைவிட்டு நகரவில்லை. நான்காம் வாரம் கை வெறுமையாக இருந்தது. அங்கியின் பையில் மடித்த நுனி தெரிந்தது. அம்மா மாடி அறையைப் பெருக்கி, மெத்தையை வெயிலில் போட்டாள். ஏழு மாதம் வாசல்கதவைத் தாழிடாமல் வைத்திருந்தார்கள்.

எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எல்லாப் பிரதிகளிலும் மருத்துவரின் கண்கள் மூடியிருந்தன. அதற்குப் பிறகு நரைகூடக் கூடவில்லை.

கண் மூடிய படத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது என்று மேலாளர் மூலப்படத்தைத் திருப்பி அனுப்பினார். சித்திரக்காரி பேனாவை மையில் தொட்டு இமைமேல் கொண்டுபோனாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடும்மா. எங்கெங்கேயோ அலைஞ்சவன். தூங்கட்டும்."

"ஒரு பதில்கூடச் சொல்லலையேம்மா."

"மடிச்சுப் பையில வச்சிருக்கான்ல."

படம் அப்படியே அச்சாயிற்று. பிறகு எட்டுப் பதிப்புகள் வந்துவிட்டன. அந்தப் பாடம் வரும்போது வகுப்பு தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. ஆசிரியர்கள் காரணம் கேட்பதில்லை. மெல்ல வாசித்து முடித்து, சத்தமில்லாமல் பக்கத்தைத் திருப்புகிறார்கள்.