விடுதலைக்குத் தோரணம்

அறம் நாடாளத் தொடங்கும் நாளில் கருங்கல் மதிலும் நெஞ்சு குழைந்து நிற்கும் என்பது சிறைக் கண்காணிப்பாளர் ஞானசேகரத்தின் அசையாத கொள்கை. மதில் குழையவில்லை, வெள்ளையடிக்கப்பட்டது.

கோணமாமலையின் உச்சியில் இளவெயில் பொன்பூச, கொட்டியாரக் குடாவின் நீர் நீலப்பட்டு விரித்தாற்போல் அகன்று கிடக்க, கோட்டைத் தெருவின் மான்கள் நகரத்தார் எறிந்த வாழைத்தோலை வேந்தர் விருந்தென மென்று நிற்க, அவ்வெள்ளிக்கிழமை விடிந்தது. தண்டனை முடிந்து சென்றோர் மீண்டும் குற்றம் புரியாதிருக்கவும், நெருக்குண்ட சிறைகள் சற்றே மூச்சுவிடவும் வேண்டி, ஆறு திங்களுக்கும் குறைவாகத் தண்டனை எஞ்சியோரை வீட்டுக்கு அனுப்பி ஊர்ப்பணியில் ஈடுபடுத்துமாறு புதுச்சட்டம் பிறந்திருந்தது. துறைமுகத்தை அடுத்த அச்சிறிய சிறைக்கும் பன்னிருவரின் விடுதலைக் கட்டளை வந்து சேர்ந்தது. ஆயினும், ஒலிவாங்கியின்றி வழங்கும் விடுதலை மணமில்லா மலரை ஒக்கும் எனத் தெளிந்த ஞானசேகரம், கட்டளைகளை அலுமாரியில் பூட்டிவிட்டு, கொழும்பிலிருந்து வரவேண்டிய பெரியவர் ஒருவரின் பொற்கரத்துக்காகக் காத்திருந்தார். பெரியவர் மூன்று முறை நாள் மாற்றி, இறுதியில் அவ்வெள்ளிக்கு இசைந்தார்.

பன்னிருவருள் ஒருவர் அருளம்பலம். குடாவுக்கு அப்பால், மூதூரை அடுத்த கட்டைபறிச்சானில் சாராயம் காய்ச்சி அகப்பட்டவர், குருத்தோலையைத் தோரணமாக்குவதில் நிகரற்றவர். அன்று அவர் மகள் கீர்த்தனிக்குத் திருமணம். விழாவுக்கென அரசு அளித்த புதுவேட்டியுடன் விடியற்காலையிலேயே வந்து நின்றார்.

"ஐயா, பத்தரைக்கு முகூர்த்தம். தாரை வார்க்கத் தகப்பன் நான் நிக்கவேணும். கும்பிட்டுக் கேக்கிறன், விடுங்கோ."

"ஏலாது, அருளம்பலம். நீர் போனா இஞ்ச தோரணம் ஆர் கட்டுறது? உங்களுக்குத்தானே ஐசே விழா! மாப்பிள்ளை இல்லாமல் கலியாணம் நடக்குமே?"

"கலியாணத்துக்குத்தான் ஐயா நானும் கேக்கிறன்."

தம் உவமையின் அழகில் தாமே தோய்ந்திருந்த ஞானசேகரத்தின் செவியில் அது ஏறவில்லை. "வெளிவாசலுக்கும் வடிவாய்க் கட்டும், பெரியவர் முதல்ல பாக்கிறது அதைத்தான்" என்று பணித்துவிட்டு, காவலர் அனைவரையும் விருந்தினர் அமரக் கதிரை அடுக்க அனுப்பினார். மதிலுக்கு வெளியே ஏணியிலேறிய அருளம்பலம், ஓலை ஒன்றேனும் கோணாதவாறு கட்டிமுடித்து இறங்கி, ஏணியை ஒழுங்காகச் சுவரில் சாய்த்துவைத்து, மூதூருக்குப் படகு புறப்படும் துறை நோக்கி நடந்தார்.

நண்பகலில் பெரியவர் வந்தார். மேடையில் பதினொருவரே நின்றனர். ஞானசேகரம் கலங்கவில்லை, தப்பியோடியவனுக்கு இன்னும் ஈராண்டு வாங்கிக்கொடுக்கும் உறுதியுடன் தொலைபேசியை எடுத்து மூதூர்க் காவல் அதிகாரி கலீலுர் றஹ்மானை ஏவினார். அரைமணியில் மறுமொழி வந்தது.

"ஆள் கலியாண வீட்லதான் சேர் நிக்காரு. தாரை வார்த்து முடிஞ்சி, இப்ப பந்தியில சோறு போடுறாரு. கோர்ட்டால வீட்டுக்கும் கடிதம் வந்திரிக்கி, பாத்தன். அவரு முதலாந் திகதியே விடுதலை. விட்ட ஆளை எப்பிடி சேர் பிடிக்கிற? அது கிடக்கட்டும், மத்தப் பதினொரு பேரையும் இவ்வளவு நாளா எந்தச் சட்டத்துல வெச்சிரிக்கீங்க?"

மேடையில் தம் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்டு, பொன்னாடைக்கு ஏற்றவாறு தோளை நிமிர்த்தியபடியே ஞானசேகரம் விடை தேடினார்.

அப்படியொரு சட்டம் இல்லை.