சாய்தளத்தில் நிற்கும் தங்க மங்கை

"அவுத்துருங்கண்ணே."

"எதைப் பாப்பா?"

"என்னையத்தான்."

ஏணியில் நின்றிருந்த வெள்ளைத்துரை வாயில் கவ்வியிருந்த கட்டுக்கம்பியை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தார். வீல்சேரில் ஒரு பெண், மடியில் பேனாவும் கால்குலேட்டருமாக இருந்தாள். பிறகு, கட்டிக்கொண்டிருந்த பிளக்ஸை அண்ணாந்து பார்த்தார். அதில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஒருத்தி, இரு கால்களையும் அழுத்தமாக ஊன்றி நின்று ஈட்டியை ஓங்கிக்கொண்டிருந்தாள். 'தங்க மங்கை தமிழ்வாணியே வருக!' என்று எழுதியிருந்தது.

"இது தமிழ்வாணின்னு ஒரு பிள்ளை" என்றார்.

"நாந்தாண்ணே தமிழ்வாணி. அதுல தலை மட்டுந்தான் என்னோடது."

அவர் மறுபடியும் இரண்டு முகங்களையும் ஒப்பிட்டார். "சாடை இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். "உக்காந்த படம் எடுப்பா வராதுன்னு கடைப் பயலுக ஒடம்பை மாத்திட்டாய்ங்க. தப்பா எடுத்துக்கிறாத. போன வாரம் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கே மாத்திவிட்டாய்ங்க."

தமிழ்வாணி ஈட்டி எறிபவள் அல்ல. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவள், தரையோடு இழுத்துக் கட்டிய நாற்காலியில் அமர்ந்து குண்டு எறிவாள். மாநிலப் போட்டியில் வாங்கியதும் வெள்ளிதான். 'வெள்ளி மங்கை' கேட்க நன்றாயில்லை என்று கல்லூரி அலுவலகத்தில் தங்கமாக்கிவிட்டார்கள். அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பிளக்ஸ் நின்ற இடம்தான் சிக்கல். வணிகவியல் கட்டடத்துக்கு அவள் ஏறிப்போகும் ஒரே சாய்தளத்தின் குறுக்கே சவுக்குக் கம்புகளை நட்டு அதைக் கட்டியிருந்தார்கள்.

"ஏண்ணே, வேற எடமே கெடைக்கலையா?"

"படிக்கட்டுல கட்டுனா ஆளுக எப்பிடி ஏறுவாக? இதுதான் சும்மா கெடந்துச்சு."

சும்மா கிடந்தது உண்மைதான். அதில் ஏறுகிற ஒரே ஆள் போட்டிக்காகச் சென்னை போயிருந்தாள். அவள் அங்கே குண்டு எறிந்த நாளில் இங்கே காஸ்ட் அக்கவுண்டிங் உள்தேர்வு நடந்து முடிந்தது. அதற்கான மறுதேர்வு இன்று இரண்டு மணிக்கு. இதையும் விட்டால் செமஸ்டர் எழுத முடியாது. அரை மணி நேரம் வரை தாமதமாக உள்ளே விடுவார்கள், பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி முடித்து, ஆட்டோவில் திருநகர் தாண்டி வந்து சேர்ந்தபோது அவளே அவளை மறித்து நின்றாள்.

"தாளாளர் அய்யா பாக்காம அவுத்தா அடுத்த விசேசத்துக்கு என்னையக் கூப்பிட மாட்டாக. மூணு மணிக்கு உனக்குத்தான பாராட்டு விழா? அய்யா வருவாக, பாப்பாக, உடனே அவுத்துருவேன்."

"ரெண்டரைக்குக் கதவை மூடிருவாகண்ணே."

"அப்ப தூக்கி விட்டுரவா? பயலுகளக் கூப்பிடுறேன்."

"வேணாண்ணே. ஏற்கெனவே தூக்கியிருக்காக."

முதலாமாண்டில் இதே படியில் நான்கு பேர் தூக்கினார்கள். ஒருவன் வழுக்கினான். எறிகிற கையின் மணிக்கட்டு பிசகி அந்த வருடம் முழுக்க அவள் குண்டைத் தொடவில்லை. அதன் பிறகுதான் இந்தச் சாய்தளத்தைக் கட்டி, தாளாளர் பெயரில் கல்வெட்டும் வைத்தார்கள். அடுத்த வாரம் தேசியப் போட்டிக்கான தேர்வு. இன்னொரு கல்வெட்டு அவளுக்கு வேண்டாம்.

படியின் உச்சியில் பேராசிரியை சத்யப்ரியா வந்து நின்றார். "தமிழ்! கொஸ்டின் பேப்பர் குடுத்தாச்சு. நீ இன்னும் அங்க என்ன நின்னுக்கிட்டிருக்க?"

"நிக்கல மேடம். நிக்கிறது அவ."

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"மேடம், பேப்பரை இங்க குடுங்க. மடியில வச்சு எழுதிருவேன்."

"ஹாலுக்கு வெளிய எழுத விட்டா அது சலுகை. போன வருச விழாவுல மைக்கைப் பிடிச்சு நீதான சொன்ன, எனக்குச் சலுகை எதுவும் வேணாம்னு? எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. உன் தன்மானத்தை நானே கெடுக்கவா?"

அந்தப் பேச்சை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள் என்று இப்போது சொல்வதில் பயனில்லை. சத்யப்ரியா கடிகாரத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

தமிழ்வாணி மேலே பார்த்தாள். நாலுவழிச் சாலையிலிருந்து வந்த காற்றில் பிளக்ஸ் உப்பித் தணிந்தது. அந்தப் பெண் மூச்சு விடுவது போலிருந்தது. யாருடைய கால்களோ, நல்ல கால்கள். அவள் அப்படியே இறங்கி, ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியேறிப் போய் அந்த ஒரு பரீட்சையை மட்டும் எழுதிவிட்டு வந்தால் போதும். ஆனால் அவளுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் தெரிந்திருக்காது. தலையும் கூடவே போக வேண்டியிருக்கும்.

கார் ஹாரன் கேட்டது. தாளாளர் முன்னதாகவே வந்துவிட்டார். பின்னாலேயே பொன்னாடையோடும் செல்போன்களோடும் ஒரு கூட்டம் வந்தது. அவர் பிளக்ஸை ஆற அமரப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. எங்க அந்தப் பொண்ணு?"

"இந்தா இருக்காகய்யா, கீழ" என்றார் ஏணியிலிருந்து வெள்ளைத்துரை.

தாளாளர் குனிந்து பார்த்து மலர்ந்தார். பொன்னாடை அவள் தோளில் விழுந்து கால்குலேட்டரையும் மூடியது. "பிளக்ஸும் தெரியுற மாதிரி எடுப்பா" என்றபடி சாய்தளத்து ஓரக் கம்பை ஒரு கையால் பிடித்து நின்றுகொண்டார். செல்போன்கள் உயர்ந்தன. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"படிப்பும் விளையாட்டும் ரெண்டு கண்ணு மாதிரி. இந்தப் பிள்ளை போற வழியில ஒரு தடை வர நம்ம கல்லூரி விடாது. கேளும்மா, என்ன வேணும்னாலும் கேளு. வெக்கப்படாம இப்பவே கேளு."

எல்லோரும் கை தட்டினார்கள். மேலே சத்யப்ரியா வெளியே வந்து கதவில் கை வைத்தார். தமிழ்வாணி பொன்னாடைக்குள்ளிருந்து பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"அய்யா, நீங்க பிடிச்சிருக்கீகல்ல, அந்தக் கம்பை மட்டும் அவுக்கச் சொல்லுங்க."