முழுப்பேர்

நான் முழுசாகப் படிக்க ஆசைப்பட்ட முதல் புத்தகம், ஆண்பிள்ளைகள் பயில்வான் ஆவது எப்படி என்று சொல்லித்தருகிற புத்தகம். எனக்குப் பயில்வான் ஆகிற எண்ணமெல்லாம் கிடையாது. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சேர்த்து என்னை நிறுத்தாலும், கணக்கப்பிள்ளை கழிவை வெட்டிவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. படித்தது என் மகள் வேலாயிக்காக.

வேலாயிக்கு ஆறு வயது. போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய இடது காலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கால் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பிள்ளை தரையில் ஊர்ந்து போனால், பின்னாலேயே வேண்டாவெறுப்பாக வரும். தோட்டத்து மருந்துக்காரர் கணேசமூர்த்தி ஐயா, யாழ்ப்பாணத்து மனுசர், தொட்டுப் பார்த்து "இளம்பிள்ளை வாதம்" என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். சோப்புப் போட்டுத்தான்.

பகலில் அவளைப் பார்க்க ஆள் இல்லை. நானும் அவள் அப்பா நல்லமுத்துவும் விடியவே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று, மலை ஏறிவிட்டால் இறங்கப் பொழுது சாயும். பிள்ளைக்காம்பரா ஆயா, "கைப்புள்ளைகளே கழுத்த நெரிக்குது, இவள வேற தூக்கிச் சுமக்க என்னால ஆகாது தாயி" என்றுவிட்டாள். அதனால் ரொட்டியும் தேத்தண்ணியும் பக்கத்தில் வைத்து, லயத்தில் எங்கள் வீடான ஒற்றைக் காம்பராவின் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். ஒரு நாள் வந்து திறந்தால், குளிருது என்று அடுப்படிக்குத் தவழ்ந்து போயிருக்கிறாள். சட்டை ஓரம் கருகியிருந்தது. கருகல் வாசத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே நல்லமுத்து, "அனுப்பிருவோம் நாகு" என்றார்.

எங்கே என்று எனக்குத் தெரியும். கண்டிக்கு அந்தப் பக்கம், நடக்கமாட்டாத பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற விடுதி. காலுக்கு இரும்புச் சட்டம் போடுவார்களாம், படிப்பும் உண்டாம். தோட்டத்துத் தொரையின் பெண்சாதி, பெரிய தொரசாணி, அடுத்த தடவை கண்டிக்குப் போகும்போது காரில் ஏற்றிக்கொள்வார்கள், மருந்துக்கார ஐயா கூடப்போய்ச் சேர்த்துவிட்டு வருவார். "எப்ப ஐயா திரும்பி வருவா?" என்று நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "கால் வர வருவா" என்றார். காலம் வர வருவாள் என்றுதான் சொன்னார், உனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை என்று பக்கத்துக் காம்பரா காளியாயி சாதித்தாள். எப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு வந்தது ஒரே அழுகைதான்.

"மூஞ்சி தெரியாத எடத்துல புள்ளைய விடுறதா? அழுதே செத்துப்போயிருவா அவ."

"அழுதா அனுப்ப மாட்டேன்."

"சத்தியமா?"

"மாரியாத்தா மேல சத்தியம். கார்ல ஏத்தும்போது புள்ள அழுதுச்சின்னா, அப்படியே திருப்பித் தூக்கிட்டு வந்துருவேன். போதுமாடி?"

போதும். அழுகையில் வேலாயியை மிஞ்ச எங்கள் தோட்டத்தில் ஆள் கிடையாது. அவள் கீழ்லயத்தில் வாயைத் திறந்தால் மேல்லயத்து நாய்கள் குரைக்கும். இருந்தாலும் வெறும் அழுகையை நம்பிப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா? கார் வருவதற்குள் அவளை நிற்க வைத்துவிட வேண்டும். நின்றுவிட்டால் யார் வந்து என்ன சொல்லி அனுப்புவார்கள்?

அந்த வாரம்தான், கந்தப்பளைக் கடையில் மஃறூப் நானா சீனி கட்டித் தந்த பழைய புத்தகத் தாளில் அந்தப் பயில்வானைப் பார்த்தேன். முறுக்கு மீசை, லங்கோடு, தூண் மாதிரித் தொடைகள்.

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அதற்குமேல் கற்றதெல்லாம் கருவாடும் பருப்பும் சுற்றி வந்த தாள்களில்தான். ரொட்டி சுடும்போது ஒரு தாள். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது இடுப்புச் சாக்குக்குள்ளிருந்து ஒரு தாள். பாதி ரொட்டி கருகுவது இதனால்தான் என்று நல்லமுத்து சொல்வார். மீதிப் பாதி எதனால் கருகுகிறது என்று எனக்கும் தெரியாது.

பயில்வான் நல்ல புத்தி சொன்னார். மூச்சை இழுத்து நெஞ்சை விரிக்க வேண்டும். பசும்பாலும் பாதாம்பருப்பும் அருந்த வேண்டும். அதிகாலையில் சற்று உலாவ வேண்டும். உலாவலாம்தான், தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு உலாவலாமா என்று மட்டும் போடவில்லை. நான் தேடியது கடைசி வரியில் இருந்தது: கால்களுக்கான பயிற்சி அடுத்த பக்கத்தில்.

மறுநாளே கடைக்கு ஓடினேன்.

"நாகலெட்சுமி, ஒனக்குச் சாமான் வேணுமா, சாமான் சுத்துற தாள் வேணுமா?" என்றார் மஃறூப் நானா.

"தாளுதான் நானா. இதுக்கு அடுத்த பக்கம்."

நானா பழந்தாள் கட்டைப் பிரித்துத் தேடினார். தோள் இருந்தது, வயிறு இருந்தது, கழுத்துகூட இருந்தது. காலைக் காணோம். "அல்லாவே, அதுல நேத்துத்தான் மொளகா கட்டிக் குடுத்தேன் புள்ள. ஒங்க மேல்லயத்து ஆளுகளுக்குத்தான்."

மேல்லயத்தில் ஒரு காம்பரா விடாமல் ஏறி இறங்கினேன். காளியாயியும் கூட வந்தாள், வேடிக்கை பார்க்க. "மொளகா கடன் கேட்டு வருவாளுக, கண்டிருக்கேன். மொளகா சுத்துன தாளக் கேட்டு வர்றவ நீ ஒருத்திதான்டி." கடைசிக் காம்பராவில் அந்தத் தாள் இருந்தது. பாதி. அடுத்த பாதியில் அன்று காலைதான் அடுப்புப் பற்றவைத்தார்களாம். நான் அந்த அடுப்புச் சாம்பலைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். காளியாயிக்கே சிரிப்பு நின்றுவிட்டது. "வாடி போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பாதித் தாளில் இருந்தது இவ்வளவுதான்: மல்லாந்து படுத்து, காலை மடக்கி மார்போடு சேர்த்து, மெல்ல நீட்டி, மறுபடி மடக்கு. மற்றதை நானாகக் கூட்டிக்கொண்டேன். நல்லெண்ணெய் தடவி, விடியுமுன் ஒரு தரம், மலையிலிருந்து வந்து ஒரு தரம். பயில்வானுக்கு வலித்ததாகப் படத்தில் தெரியவில்லை. வேலாயிக்கு வலித்தது. நாய்கள் குரைத்தன.

"தொரை, லயத்துல யாரோ ஆடு வெட்டுறாங்கன்னு ஓடியாரப் போறாரு" என்றார் நல்லமுத்து. சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவருக்கு அந்தச் சத்தம் தாங்காது.

எனக்கு மட்டும் தாங்குமா? ஒரு சாயங்காலம் அவள் வாயை எப்படியாவது அடைக்க, உப்பு சுற்றி வந்த தாளை எடுத்து உரக்கப் படித்தேன். அது ஒரு தொடர்கதையின் நடுப்பக்கம். மங்களேஸ்வரி என்று ஒரு ஜமீன்தார் மகள். யாருக்கோ காதல் கடிதம் எழுதி மாட்டிக்கொண்டாள். "உன்னால் என் பெயரே போயிற்று! இனி இந்த வீட்டில் உனக்கு இடமில்லை!" என்று அப்பா கர்ஜிக்கிறார். அவள் கொட்டுகிற மழையில் வெளியே போகிறாள்.

வேலாயியின் அழுகை பட்டென்று நின்றது.

"பேரு போச்சா அம்மா?"

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் அப்பன் ஆத்தாள் வைத்தது இல்லை. சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், முழுக் கூலி; குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் ஏட்டில் பேர் பதிந்தவர்களுக்குத்தான் வேலையும் காம்பராவும். பேரை வெட்டிவிட்டால் சட்டி பானையோடு ரோட்டில். லயத்துப் பிள்ளைகள் அம்மா என்பதற்கு அடுத்தபடி இதைத்தான் கற்றுக்கொள்ளும்.

"ஏம்மா பேர வெட்டுனாங்க? அந்தக்கா பெரட்டுக்குப் பிந்திப் போச்சா?"

காதல் கடிதத்தை ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? கால் என் கையில் மடங்கி இருந்தது, பிள்ளை அழவில்லை. "ஆமாடி. பிந்திட்டா" என்றேன்.

"அய்யோ பாவம். காம்பராவும் போச்சே."

அதோடு அந்தக் கதை என் கைக்கு வந்துவிட்டது. மஃறூப் நானாவிடம் அடுத்த பக்கம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் உதவியிருக்காது. ஜமீன்தார் பெரிய கங்காணி ஆனார். மங்களேஸ்வரி பட்டுச்சேலையோடு பூண்டுலோயாவுக்கு நடந்தாள், திம்புள்ளைக்கு நடந்தாள். தோட்டம் தோட்டமாகப் பேர் கேட்டாள். "ஆள் எடுக்கல" என்று விரட்டினார்கள். நான் காலை நீட்டும்போது அவள் மலை ஏறினாள், மடக்கும்போது இறங்கினாள். காளியாயி வெற்றிலையோடு வந்து உட்கார்ந்து, "அந்தச் சிறுக்கிக்குக் கொழுந்து எடுக்கத் தெரியுமாடி?" என்று கேட்பாள். "பழகிக்கிருவாங்க!" என்று வேலாயிதான் பதில் சொல்வாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

கால் மட்டும் கதை கேட்கவில்லை. ஒரு நாள் பெருவிரல் அசைந்த மாதிரி இருந்தது. அது தானாக அசைந்ததா, பிடித்திருந்த என் கை அசைத்ததா என்று தெரியவில்லை. நல்லமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "அசையிற மாதிரித்தான் இருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வாசல் திண்ணையில், இஸ்தோப்புத் தூணைப் பிடிக்கவைத்து நிறுத்திப் பார்த்தேன். கையை எடுத்ததும் துவைத்த துணி கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி விழுந்தாள். மறுபடி நிறுத்தினேன். மறுபடி விழுந்தாள். "போதும்மா" என்றாள். "இன்னும் ஒருக்கா கண்ணு, ஒரே ஒருக்கா" என்று நான் கெஞ்சினேன். மாரியாத்தாளிடம்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை. அடுத்து பயில்வானைத் திட்டினேன். பாலும் பாதாமும் இல்லாமல் உன்னை நம்பினேனே, மீசைக்காரா!

அவள் நிற்பதற்கு முன்னால் கார் வந்து நின்றது.

லயத்துக்குக் கீழே ரோட்டில் தொரசாணி உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கார ஐயா மட்டும் ஏறி வந்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மலைக்குப் போகவில்லை. வேலாயிக்குத் தலைவாரி, நல்ல சட்டை போட்டு இஸ்தோப்பில் உட்காரவைத்திருந்தேன். எங்கே போகிறாள் என்று அவளிடம் நான் சொல்லவேயில்லை. சொல்லாமல் தூக்கினால்தான் நன்றாக அழுவாள். என் யோசனை அவ்வளவுதான். நல்லமுத்து குனிந்து தூக்கப்போனார். பிள்ளையின் உதடு பிதுங்கியது. ஆத்தா, பிள்ளை அழணும் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

"பயப்பிடாதையும் பிள்ளை" என்றார் ஐயா. நல்ல மனுசர், பிள்ளை பயப்படக்கூடாது என்றுதான் சொன்னார். "அங்க கொண்டுபோய் உம்மட பேரைப் பதியப் போறம். அவ்வளவுதான்."

பிதுங்கிய உதடு அப்படியே நின்றது.

"எனக்கா? எனக்கா பேர் பதியப் போறீங்க?"

"ஓம். உமக்குத்தான்."

"முழுப்பேரா? அரைப்பேரா?"

ஐயா சிரித்துவிட்டார். வருசக்கணக்காக எங்கள் தோட்டத்தில் மருந்து கலக்குகிறார். பெரட்டுக் களத்துப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. "இதென்ன கேள்வி? முழுப்பேரும்தான் பதிவினம். அரைவாசிப் பேரை ஆரும் எழுதுவினமே?"

வேலாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சல் வந்த நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அவளைவிடப் பெரிய பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இன்னும் பேர் பதியவில்லை. "காளியாயி அத்தே! எனக்குப் பேர் பதியப் போறாங்க! முழுப்பேரு!" என்று கத்தினாள். மேல்லயத்து நாய்கள் குரைத்தன.

காளியாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நல்லமுத்து அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். மெதுவாக இறங்கினார். ஒவ்வொரு படியிலும் நின்று பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவரும் பிள்ளை அழ வேண்டும் என்றுதான் பார்க்கிறார் என்று. பாதி வழியில் என் பக்கம் திரும்பி, "அழுகலையே நாகு" என்றார். பெரிய குற்றம் நடந்துவிட்ட மாதிரி சொன்னார்.

காரின் பின்சீட்டில் அவளை உட்காரவைத்து, கால் இரண்டையும் சேர்த்து வைத்தார். நான் கண்ணாடிப் பக்கம் போய் நின்றேன்.

"அம்மா, மங்களேஸ்வரி அக்கா நம்ம தோட்டத்துக்கு வந்தா எங்கிட்ட அனுப்பு. நான் அரைப்பேரு எடுத்துக்கிட்டு அதுக்கு அரைப்பேரு குடுக்குறேன்."

"சரிடி."

"மறந்துறாத."

"மறக்க மாட்டேன்."

வண்டி உறுமியது. அப்போது அவளுக்கு என்னவோ சந்தேகம் வந்துவிட்டது. ஐயாவைப் பார்த்தாள், தொரசாணியின் தொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் நிறைய ஆரம்பித்தது. "நெசமாவே முழுப்பேருதானே அம்மா?"

ஒரு வார்த்தை போதும். இல்லடி, அது வேற பேரு, வெறும் எழுதிக்கிற பேரு என்று சொன்னால் அடுத்த நிமிஷம் அவள் ஊரையே கூட்டிவிடுவாள். நல்லமுத்து கதவில் கையை வைத்துக்கொண்டு அதற்குத்தான் காத்திருந்தார். சத்தியம் சத்தியம்தான், தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளை என் கூடவே இருப்பாள். விடிந்ததும் நான் கதவைச் சாத்திவிட்டு மலைக்குப் போவேன்.

"முழுப்பேருதான் கண்ணு" என்றேன். "பிந்தாம மட்டும் போயிரணும், என்ன?"

"ஐயா, சீக்கிரம் போங்க!" என்றாள் வேலாயி.